கேயாஸ் லேசரில் ரேண்டம் பிட்: 15 சோதனையும் பாஸ், ஆனால் என்ட்ரோபி எங்கே?

பிறை_ஃபைபர் (கேள்வி)

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். லேசருக்கு அதன் ஒளியையே திருப்பி ஊட்டி, வரும் குழப்பமான (கேயாஸ்) அலையிலிருந்து ரேண்டம் பிட் (முன்கூட்டிச் சொல்ல முடியாத 0, 1) எடுக்கும் அமைப்பு இது. ரெண்டு இடத்தில் முட்டி நிற்குது.

அமைப்பு: 1550 நானோமீட்டர் டிஎஃப்பி (ஒற்றை அலைநீள) லேசர், 14 கால் பட்டர்ஃபிளை பேக்கேஜ், த்ரெஷோல்ட் (லேசர் ஒளி தொடங்கும் மின்னோட்டம்) 10 மில்லிஆம்ப், ஓட்டுவது 15 மில்லிஆம்ப். லேசர் சர்க்குலேட்டரின் (ஒளியை 1, 2, 3 என ஒரே திசையில் அனுப்பும் சாதனம்) 2ஆம் போர்ட்டில். 3ஆம் போர்ட்டில் வரும் ஒளி 90:10 கப்ளர், போலரைசேஷன் கன்ட்ரோலர், அட்டென்யுவேட்டர் எல்லாம் தாண்டி 1ஆம் போர்ட் வழியாக லேசருக்கே திரும்புது. ஒரு சுற்றில் மொத்த ஃபைபர் நீளம் 10.6 மீட்டர். கப்ளரின் 10 சதவீதக் கால் 1 ஜிகாஹெர்ட்ஸ் டிடெக்டருக்கு, அங்கிருந்து 8 பிட் ஸ்கோப்புக்கு, நொடிக்கு 5 ஜிகா சாம்பிள்.

சாம்பிளுக்குக் கீழ் 3 பிட் எடுக்கிறேன். கணக்குப்படி நொடிக்கு 15 ஜிகாபிட். 10 லட்சம் பிட் நீளத்தில் 1000 வரிசை கொடுத்து நிஸ்ட் எஸ்பி 800-22 (அமெரிக்கத் தரநிலை அமைப்பின் ரேண்டம் சோதனைத் தொகுப்பு) ஓட்டினால் 15 சோதனையும் பாஸ். 5 பிட் எடுத்தால் சீரியல் டெஸ்ட் கவிழுது. ஆனால் மூல சாம்பிளின் ஆட்டோகோரிலேஷனில் (அலை தன் பழைய நிலையோடு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டும் வரைபடம்) 52 நானோசெகண்டில் 0.3 உயரத்துக்கு ஒரு முனை நிற்குது. அதே சாம்பிளை 800-90பி கருவியில் (நிஸ்டின் என்ட்ரோபி மதிப்பீட்டு மென்பொருள்) போட்டால் 8 பிட்டுக்கு 2 பிட் சொச்சம்தான் என்ட்ரோபி, அதாவது உண்மையான கணிக்கமுடியாமைன்னு சொல்லுது. எதை நம்புறது?

ஸ்கோப்பின் 256 படியில் சிக்னலின் திட்டவிலக்கம் சுமார் 30 படி. லேசரை அணைத்தால் 1.5 படி.

ரெண்டாவது சிக்கல்: மேலே சொன்னது கடன் வாங்கிய லேசர். புதுசா வாங்கினதை அதே இடத்தில் மாட்டினால் அட்டென்யுவேட்டரை முழுசா திறந்தும் ஸ்பெக்ட்ரம் அசையவே இல்லை. சாதாரண லேசர் மாதிரி அமைதியா உட்கார்ந்திருக்கு.

---

செந்தூல்_எஃப்பிஜிஏ

தம்பி, 800-22ஐ ஒரு ஓரமா வைங்க. அது பிட் வரிசை எப்படித் தெரியுதுன்னுதான் பார்க்கும், எங்கிருந்து வந்ததுன்னு பார்க்காது. நிலையான சாவி போட்ட ஏஇஎஸ் குறியாக்கக் கவுன்டரும் அதில் பாஸ் ஆகும், அதில் புது என்ட்ரோபி பூஜ்யம். மெர்சென் ட்விஸ்டர் என்ற மென்பொருள் ரேண்டம் எண் நிரலின் 32 பிட் வெளியீட்டில் தொடர்ந்து 624 எண்ணைப் பிடித்தால் மீதி எல்லாத்தையும் அப்படியே சொல்லிடலாம்.

முதலில் லேசரை அணைத்துவிட்டு அதே நிரலை ஓட்டிப் பாருங்க. 1.5 படி திட்டவிலக்கம் உள்ள கௌசியன் இரைச்சலில் கடைசி பிட்டின் சாய்வு லட்சத்தில் ரெண்டு பங்கு அளவுதான் வரும். 10 லட்சம் பிட் வரிசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வே இயல்பான அலைச்சலுக்குள் மறைஞ்சிடும். அதாவது, சாம்பிளைத் தள்ளித் தள்ளி எடுத்தால், ஒளியே இல்லாமல் கடைசி பிட் மட்டும் சோதனை பாஸ் ஆகக்கூடும். அதுக்கு மேல் உள்ள ரெண்டாவது பிட்டில்தான் சில சதவீதச் சாய்வு எட்டிப் பார்க்கும். கீழ்ப் பிட்டுகளை மட்டும் எடுக்கிறப்போ நீங்கள் அளப்பதில் ஒரு பகுதி ஸ்கோப்பின் முன்முனை இரைச்சல்தான். அதுவும் ரேண்டம்தான், ஆனால் அதுக்கு லேசர் எதுக்கு?

அடுத்தது கையால் போடக்கூடிய கணக்கு. டிடெக்டர் 1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 2 ஜிகா சாம்பிளுக்கு மேல் சுதந்திரமான மதிப்பு கிடையாது. நீங்கள் 5 எடுத்தாலும் மீதி இடைநிரப்பல்தான். கௌசியன் என்று வைத்தால் ஒரு சாம்பிளின் மின்-என்ட்ரோபி (மினிமம்: மிக மோசமான நிலைக்கான என்ட்ரோபி), திட்டவிலக்கத்தை 2.507ஆல் பெருக்கி அடி 2க்கு லாகரிதம் எடுத்தால் வரும். 30க்கு அது 6.2 பிட். ரெண்டையும் பெருக்கினால் 12.4 ஜிகாபிட். ஸ்பெக்ட்ரம் தட்டையா இருந்து, அலையில் முன்கூட்டிச் சொல்லக்கூடியது எதுவுமே இல்லை என்ற தாராளமான உச்சவரம்பு இது. நீங்கள் சொல்லும் 15 இதையே தாண்டிப் போகுது. அறிக்கையில் 15 என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

கேயாஸ் என்பது விதிப்படி நடக்கும் இயக்கம். அதில் உண்மையான கணிக்கமுடியாமை வருவது லேசருக்குள் நடக்கும் ஸ்பான்டேனியஸ் எமிஷனால. அந்தச் சின்ன குவாண்டம் இரைச்சலைக் கேயாஸ் சில நானோசெகண்டுக்குள் முழு அலை உயரத்துக்கு ஊதிப் பெருக்குது. எனவே ரெண்டு சாம்பிளுக்கு நடுவே அந்த நேரமாவது போகணும். 800-90பி கருவி 2 பிட்டுன்னு சொல்வதற்குக் காரணமும் இதுதான்: பக்கத்துப் பக்கத்துச் சாம்பிள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்குது, கருவியின் முன்கணிப்பான்கள் அதைப் பிடிச்சிடுது. இந்த இடத்தில் கருவியை நம்புங்க.

நொடிக்கு 200 மெகா சாம்பிளாக, அதாவது 5 நானோசெகண்டுக்கு ஒன்றாகக் குறைத்து மறுபடி அளங்க. உங்கள் 52 நானோசெகண்ட் முனை ஃபைபரின் சுற்று நேரம்தான் (10.6 மீட்டர், ஒளிவிலகல் எண் 1.468, போட்டுப் பாருங்க). 5 நானோசெகண்ட் அடியில் 50, 55 என்றுதான் சாம்பிள் விழும், முனை நடுவில் தப்பிச்சிடும். 260இல் சரியாகச் சேரும், ஆனால் அது ஐந்தாவது சுற்று, அதுக்குள்ள 0.3 என்பது ஆயிரத்தில் ரெண்டு அளவுக்குத் தேய்ஞ்சிருக்கும். 260ஐயும் தவிர்க்க ஆசைப்பட்டால் ஃபைபரில் ஒரு அரை மீட்டர் பேட்ச் கார்டு சேருங்க.

உச்சிடா குழு 2008இல் 1.7 ஜிகாபிட் எடுத்தப்போ ரெண்டு தனித்தனி லேசர், வேற வேற சுற்று நீளம், ஒவ்வொன்றுக்கும் 1 பிட் ஏடிசி (அலையை எண்ணாக்கும் சில்லு), பிறகு எக்ஸார் (ரெண்டு பிட்டும் வேறுபட்டால் 1, ஒத்தால் 0). அந்த ரெண்டாவது லேசர் வேலையில்லாமல் அங்கே இல்லை. மறு ஆண்டு கான்டர், ரோசன்ப்ளூ குழு ஒரே லேசரில் 12.5 ஜிகாபிட் காட்டினாங்க, அடுத்தடுத்த சாம்பிளின் வித்தியாசத்தை எடுத்து அதன் கீழ்ப் பிட்டுகளை வைத்துக்கொண்டு. 2021இல் யேலும் சிங்கப்பூர் நன்யாங்கும் சேர்ந்த குழு ஒரே சிப் லேசரில் 127 சேனல் எடுத்து 250 டெராபிட் வரை போனாங்க. வேக எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. ஏடிசிக்குள் நுழையும் அலை அகலத்தையும் (அதிர்வெண் பரப்பு) எடுத்த பிட் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

ஒரே லேசரின் பிட்டைத் தாமதித்து அதோடேயே எக்ஸார் பண்ணலாமான்னு அடுத்து கேட்பீங்க. பண்ணலாம், ஆனால் முனை முழுசா செத்துப்போகாது, அதே 52இல் உயரம் குறைந்து நிற்கும்.

---

பாயான்_அக்கா

ரெண்டாவது லேசருக்கு வர்றேன். டேட்டாஷீட்டில் ஐசொலேட்டர் என்ற வரியைப் பாருங்க தம்பி. தகவல்தொடர்புக்குச் செய்யும் டிஎஃப்பி பட்டர்ஃபிளைகளில் பெரும்பாலும் பேக்கேஜுக்குள்ளேயே ஐசொலேட்டர் இருக்கும். திரும்பி வரும் ஒளி லேசர் சிப்பைத் தொடக்கூடாது என்பதற்காகவே அது. உங்களுக்கு வேண்டியதோ நேர் எதிர். 30 டெசிபெல் தடுப்பு என்றால் திரும்பும் ஒளியில் ஆயிரத்தில் ஒன்றுதான் உள்ளே போகும். அட்டென்யுவேட்டரை எவ்வளவு திறந்தாலும் பலன் இல்லை. ஆர்டர் போடும்போதே ‘ஐசொலேட்டர் இல்லாதது’ என்று எழுதிக் கேட்கணும். கழற்றி எடுக்கலாம்னு நினைக்காதீங்க, அது சீல் பண்ணின பேக்கேஜ்.

கடன் லேசரில் அலை உடையுதுன்னா நல்லது, ஆனால் அது எந்த மாதிரி உடைசல்னு பாருங்க. த்ரெஷோல்டுக்கு ஒட்டி ஓட்டினால் வெளிச்சம் திடீரெனச் சரிந்து, படிப்படியா ஏறி, மறுபடி சரியும். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நடக்கும் மெதுவான ஆட்டம் அது, ரேண்டம் பிட்டுக்கு ஆகாது. 15 மில்லிஆம்ப் பரவாயில்லை, 18 வரை ஏற்றிப் பாருங்க. மின்னோட்டம் ஏறினால் லேசரின் ரிலாக்சேஷன் அதிர்வு மேலே போகும், அலையும் அகலமாகும். டிடெக்டர் 1 ஜிகாஹெர்ட்ஸில் வெட்டுவதால் உங்கள் ஸ்கோப்பில் தெரிவது உண்மையான அலையின் ஓரம்தான்.

போலரைசேஷன் கன்ட்ரோலரை ஏனோதானோன்னு விடாதீங்க. திரும்பும் ஒளியின் திசை லேசரின் திசையோடு சேரலைன்னா பின்னூட்டம் பாதிக்கு மேல் வீண். ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பி, மேடு எங்கே அதிகமா பரவுதோ அங்கே டேப் போட்டு ஒட்டிடுங்க. மேசையைத் தட்டினாலே மாறும்.

கனெக்டர்: பச்சை நிறம் 8 டிகிரி சாய்வாக மெருகிட்டது, நீலம் நேராக மெருகிட்டது. ரெண்டையும் மாற்றி மாட்டினால் நடுவில் காற்று இடைவெளி விழும், முகமும் கீறும். சுற்று முழுக்கப் பச்சையாகவே வைங்க. ஒரு நீலக் கனெக்டர் எங்கேயாவது இருந்தால் அதுவே சின்னக் கண்ணாடியாகி, உங்கள் 10.6 மீட்டர் தவிர இன்னொரு சுற்று நீளத்தை உருவாக்கிடும். ஆட்டோகோரிலேஷனில் விளக்கமே இல்லாத ஒரு முனை வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். மாட்டுமுன் ஒவ்வொரு தடவையும் துடைங்க.

நம்ம ஊர் ஈரத்தையும் மறக்காதீங்க. ஏர்கான் இல்லாத அறையில் பினாங்குக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகக் கோர்க்கத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரி பக்கம் இருக்கும். லேசரைக் குளிராக்கினால் அலைநீளம் நிலைக்கும்னு 18 டிகிரிக்கு இறக்குபவர்கள் உண்டு. பட்டர்ஃபிளை என்றால் உள்ளே தப்பிக்கும், ஆனால் அடியிலிருக்கும் மவுண்டிலும் கால்களிலும் நீர் கோர்க்கும். திறந்த டிஓ-கேன் (சின்ன உலோக டப்பி வடிவ லேசர்) என்றால் ஜன்னலிலேயே. 25க்குக் கீழே போகாதீங்க, போனால் ஏர்கானை முதலில் போட்டு அறை உலர்ந்த பிறகு. டிஎஃப்பியில் ஒரு டிகிரிக்கு சுமார் 0.1 நானோமீட்டர் நகரும், அது உங்கள் வேலைக்குப் பொருட்டே இல்லை. நிலையாக இருந்தால் போதும்.

1550 கண்ணுக்குத் தெரியாது. ஃபைபர் முனையைப் பார்க்கும் முன் மின்னோட்டத்தை அணைங்க, ‘குறைச்சிருக்கேன்’ என்பது போதாது.

---

பிறை_ஃபைபர்

அக்கா, டேட்டாஷீட்டில் 35 டெசிபெல் ஐசொலேட்டர் என்று இருக்கு. கேயாஸுக்கு இனி அது வேண்டாம். ஆனால் காசு போட்டு வாங்கியாச்சு, வேற எதுக்காவது ஆகுமா? செந்தூல் அண்ணே, 200 மெகா சாம்பிளுக்குக் குறைத்தேன். 90பி மதிப்பு 5க்கு மேல் ஏறிடுச்சு. கடன் லேசரைத் திருப்பித் தரணும், அதனால்தான் கேட்கிறேன்.

---

செந்தூல்_எஃப்பிஜிஏ

ஆகும், கேயாஸைவிட நல்லாவே ஆகும். லேசர் ஃபேஸ் (ஒளியலை எந்தக் கட்டத்தில் நிற்குது என்பது) வழிக்கு மாறுங்க. அதில் ஐசொலேட்டர் இருப்பதுதான் வசதி.

லேசரை 100 மெகாஹெர்ட்ஸில் துடிக்க விடுங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் மின்னோட்டம் த்ரெஷோல்டுக்கு நன்றாகக் கீழே இறங்கணும். அப்போது உள்ளே இருந்த ஒளி செத்து, அடுத்த துடிப்பு ஸ்பான்டேனியஸ் எமிஷனிலிருந்து புதிதாக முளைக்கும். அதன் ஃபேஸுக்கும் முந்தையதன் ஃபேஸுக்கும் சம்பந்தம் இருக்காது. ஃபேஸை டிடெக்டர் நேராகப் பார்க்காது, அதனால் ரெண்டு 50:50 கப்ளர் வைத்து ஒரு கையில் சரியாக ஒரு துடிப்பு நேரம் தாமதியுங்க. 10 நானோசெகண்ட் என்றால் 2.04 மீட்டர் கூடுதல் ஃபைபர். அடுத்தடுத்த ரெண்டு துடிப்பு சந்தித்துக் கூடும் அல்லது கழியும், அந்த உயரம்தான் உங்கள் ரேண்டம் மதிப்பு. இன்டர்ஃபெரோமீட்டர் வெப்பத்தில் மெதுவா நகர்ந்தாலும் கவலை இல்லை, ஃபேஸ் வட்டம் முழுக்கச் சமமா பரவியிருக்கே.

ஃபைபரை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி ஒட்டிப் போராடாதீங்க. நீளத்தில் 1 சென்டிமீட்டர் பிசகினால் 49 பிகோசெகண்ட், சுமார் அரை சதவீதம். க்ளாக்கை 99.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்த்தினால் துடிப்புகள் மறுபடி ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். ஸ்கோப்பில் உயர வீச்சு எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்க. வீச்சு எப்படியும் குறைவாகவே இருந்தால் ரெண்டு கையின் போலரைசேஷன் சேரலை என்று அர்த்தம், ஒரு கையில் உங்கள் கன்ட்ரோலரைப் போடுங்க.

ஹிஸ்டோகிராம் கௌசியன் மணி மாதிரி வராது. ரெண்டு ஓரத்திலும் கொம்பு முளைத்த ஆர்க்சைன் வடிவம் வரும். அப்படி வந்தால்தான் சரி. நடுவில் மேடு தெரிந்தால் துடிப்பு முழுசா சாகலை, அல்லது கைகள் பொருந்தலை. கொம்பு முனைப் படியில் நிகழ்தகவு சுமார் 4 சதவீதம், எனவே 8 பிட்டுக்கு மின்-என்ட்ரோபி 4.65. மின்னணு இரைச்சலை எதிராளிக்குத் தெரியும்னு கழித்து, 4 என்று வையுங்க.

பிறகு டோப்லிட்ஸ் ஹாஷிங் (பல பிட்டைக் கலந்து, என்ட்ரோபி நிறைந்த குறைந்த பிட்டாகச் சுருக்கும் முறை). 512 சாம்பிள் சேர்த்தால் 4096 பிட். பாதி என்ட்ரோபி, அதாவது 2048. பாதுகாப்பு அளவை 2இன் மைனஸ் 64 அடுக்காக வைத்தால் அதிலிருந்து 128 கழியும், மீதி 1920 பிட் வெளியே. டோப்லிட்ஸ் வரிசைக்கான விதை 4096 + 1920 - 1 = 6015 பிட், ஒருமுறை வேறொரு மூலத்திலிருந்து எடுத்து வையுங்க. லேசரின் பிட்டையே விதையா போடாதீங்க, கணிதம் கேட்பது மூலத்தோடு சம்பந்தமில்லாத விதையை. வேகம் 800 மெகாபிட் உள்ளே, 375 மெகாபிட் வெளியே. நடுத்தர எஃப்பிஜிஏ (நாமே சுற்றை அமைக்கும் சில்லு) போதும். வான் நாய்மன் முறை (01 வந்தால் 0, 10 வந்தால் 1) இங்கே வேண்டாம், அது பிட்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்று நம்பி நிற்கும் முறை, நாலில் ஒரு பங்குக்கு மேல் தேறவும் தேறாது.

ஹெல்த் டெஸ்ட் (மூலம் சரியா வேலை செய்யுதான்னு ஓடும்போதே பார்க்கும் சோதனை) ஹாஷிங்குக்கு முன்னால், மூலச் சாம்பிளில். இதைப் பின்னால் வைப்பவர்கள் நிறைய. லேசர் செத்தாலும் டோப்லிட்ஸ் அழகான பிட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும், பின்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ரிப்பிட்டிஷன் டெஸ்டின் (ஒரே மதிப்பு தொடர்ந்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணுவது) வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீங்க. என்ட்ரோபி 4, பொய் எச்சரிக்கை 2இன் மைனஸ் 20 அடுக்கு என்றால் வரம்பு 6. நொடிக்கு 10 கோடி சாம்பிளில் அது மோசமான நிலையில் நொடிக்கு நூறு தடவை அலறும். மைனஸ் 40க்குப் போங்க, வரம்பு 11, மோசமான நிலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. அடாப்டிவ் ப்ரொபோர்ஷன் டெஸ்டில் (ஒரு ஜன்னலுக்குள் ஒரே மதிப்பு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுவது) ஜன்னல் 512 சாம்பிள். என்ட்ரோபி 4க்கு ஒரு மதிப்பு சராசரியாக 32 தடவைக்கு மேல் வரக்கூடாது. லேசர் அணைந்து 1.5 படி இரைச்சல் மட்டும் மிஞ்சினால் நடு மதிப்பு 130க்கு மேல் வந்து நிற்கும். ஒரு ஜன்னல் 5 மைக்ரோசெகண்ட், அதனால் லேசர் செத்ததும் அநேகமாக அடுத்த சில ஜன்னலுக்குள் தெரிஞ்சிடும்.

---

ஜாலான்_பாசார்_சாமான்

லேசர், சர்க்குலேட்டர், எஃப்பிஜிஏ எல்லாம் இல்லாமல் வகுப்பில் காட்ட மட்டும் வேணும்னா 2என்3904 டிரான்சிஸ்டர் போதும். எமிட்டரில் பிளஸ், பேஸ் தரைக்கு, கலெக்டர் சும்மா தொங்கட்டும். பேஸ்-எமிட்டர் சந்தி தலைகீழ் மின்னழுத்தத்தில் 7, 8 வோல்ட் பக்கம் அவலாஞ்சுக்கு (இரைச்சலோடு மின்னோட்டம் பாயும் நிலை) போகும், அதனால் 12 வோல்ட் ஊட்டி நடுவில் பெரிய ரெசிஸ்டர் போடுங்க. 5 வோல்ட் யுஎஸ்பியில் நேராக மாட்டிவிட்டு இரைச்சல் வரலைன்னு கேட்பவர்கள் உண்டு. வராது.

12 வோல்ட்டை மலிவு பூஸ்ட் மாட்யூலில் எடுத்தால் அதன் சுவிட்சிங் சத்தம்தான் பிட்டாக வரும், பேட்டரி நல்லது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓசையைத் தடுக்க ஒரு காலி மைலோ டின்னுக்குள் வைத்து டின்னைத் தரையோடு இணைங்க. ஒரே பையில் வாங்கிய டிரான்சிஸ்டரிலேயே ஒன்று நன்றாக இரையும், இன்னொன்று ஊமையா கிடக்கும், பத்து வாங்கிப் பொறுக்குங்க. நொடிக்குச் சில ஆயிரம் பிட் நிதானமா எடுக்கலாம். வேகத்தில் லேசரோடு ஒப்பிடவே முடியாது.

இதை வைத்து நாலு நம்பர் லாட்டரிக்கு எண் எடுக்கலாமான்னு யாராவது கேட்கும் முன் சொல்லிடறேன்: எடுக்கலாம், முதல் பரிசு அடிக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, அதே பழைய வாய்ப்புதான்.

---

பிறை_ஃபைபர்

நன்றி அண்ணே. ஃபேஸ் வழிக்கே மாறுறேன். லேசரில் ஆர்எஃப் (அதிவேக சிக்னல்) கால் தனியா இல்லை. சாதாரண டிரைவரில் 100 மெகாஹெர்ட்ஸ் போகுமா?

---

பாயான்_அக்கா

கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் அந்த வேகத்துக்குப் போகாது, மெதுவா ஓடத்தான் அதைச் செய்திருக்காங்க. அதிலிருந்து டிசி மட்டும் எடுத்து, த்ரெஷோல்டுக்குக் கீழே 7, 8 மில்லிஆம்பில் நிறுத்துங்க. துடிப்பை வெளியே ஒரு பயஸ்-டீ (டிசியையும் துடிப்பையும் சேர்க்கும் துண்டு) வழியாக ஏற்றுங்க. லேசரின் மின்தடை சில ஓம்தான், எனவே 50 ஓம் கேபிளுக்குப் பொருந்த 45 ஓம் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரைத் தொடரில், காலுக்கு எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டிச் சால்டர் பண்ணுங்க. கால் நீளம்தான் இண்டக்டன்ஸ், அதுதான் விளிம்பை மழுக்கும்.

ஆர்எஃப் கால் இல்லாத பேக்கேஜில் விளிம்பு எப்படியும் கொஞ்சம் மந்தமா இருக்கும். ஆர்க்சைன் கொம்பு தெரியலைன்னா 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, தாமதக் கையை 4.08 மீட்டர் ஆக்குங்க. வேகம் பாதியாகும், துடிப்பு முழுசா சாக நேரம் கிடைக்கும்.

துடிப்பு கீழே இறங்கும்போது லேசருக்கு எதிர்த்திசை மின்னழுத்தம் விழாமல் பாருங்க. இந்த வகை லேசர்கள் தலைகீழாக 2 வோல்ட் வரைதான் தாங்கும். குறுக்கே ஒரு ஷாட்கி டையோடைத் தலைகீழாகப் போட்டுடுங்க. மின்சாரம் கொடுக்கும் முன் கால் வரிசையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க: 14 கால் பட்டர்ஃபிளை எல்லாம் ஒரே வரிசை இல்லை, பம்ப் லேசரின் மவுண்ட்டில் டிஎஃப்பியை மாட்டினால் கூலர் கரன்ட் வேறெங்கோ போய்ச் சேரும்.